கோடை டேர்ம்ல இன்டர்மீடியட் மைக்ரோ எடுக்கலாமா? 6 வாரத்துல மண்டைல ஏறுமா?

வெயில்மாணவன்

எல்லாருக்கும் வணக்கம். எகனாமிக்ஸ் ரெண்டாவது வருஷம் இப்பதான் முடிச்சேன். போன செமஸ்டர்ல கால்குலஸ் திரும்ப எழுத வேண்டியதாப் போச்சு, அதனால இன்டர்மீடியட் மைக்ரோ (தனி ஆளும் கம்பெனியும் எப்படி முடிவெடுக்கறாங்கன்னு கணக்கோட படிக்கிற ரெண்டாவது நிலை பேப்பர்) எடுக்க முடியல. இப்ப பிரச்சனை என்னன்னா மூணாவது வருஷத்துல கேம் தியரி எடுக்கணும்னாலும் பப்ளிக் எகனாமிக்ஸ் எடுக்கணும்னாலும் இந்த ஒரு பேப்பர் முடிச்சிருக்கணும்னு சொல்றாங்க. கோடைல எடுக்கலன்னா அடுத்த வருஷம் முழுக்க ஒரு படி தள்ளிப் போயிடும்.

எங்க கோடை டேர்ம் 6 வாரம், திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தினமும் கிளாஸ். முதல் வருஷ மைக்ரோல நல்ல மார்க்தான், ஆனா அதுல எல்லாமே படம் வரைஞ்சு முடிச்சுட்டாங்க, டிமாண்ட் கோடு இந்தப் பக்கம் நகரும் சப்ளை கோடு அந்தப் பக்கம் நகரும், அவ்வளவுதான். இதுல லக்ராஞ்சியன் (கையில இருக்கிற பணத்துக்குள்ள எது சிறந்ததுன்னு கண்டுபிடிக்கிற கணக்கு முறை), ஸ்லட்ஸ்கி (விலை மாறினா வாங்குறது மாறுறத ரெண்டா பிரிக்கிறது) எல்லாம் வருதாம். பாஸ் பண்ணிடுவேன்னு நினைக்கிறேன். என் பயம் அது இல்ல, புரியாமலே பாஸ் பண்ணிட்டு அடுத்த வருஷம் போய் முழிப்பேனோன்னுதான். எடுத்தவங்க யாராவது இருந்தா உண்மையச் சொல்லுங்க ப்ளீஸ்.

கணக்குப்பிள்ளை

முதல்ல மணிக்கணக்கு போட்டுப் பாருங்க தம்பி. சாதாரண செமஸ்டர் 15 வாரம், வாரத்துக்கு 3 மணி நேரம் கிளாஸ்னு வச்சா மொத்தம் 45 மணி. அதே 45 மணிய 6 வாரத்துல அடைச்சா வாரத்துக்கு ஏழரை மணி. ஒரு மணி கிளாஸுக்கு ரெண்டு மணி சொந்தமா உக்காரணும்னு வழக்கமா சொல்வாங்கல்ல, அதையும் கூட்டினா வாரத்துக்கு 22.5 மணி ஒரே ஒரு பேப்பருக்கு. ரெண்டு பேப்பர் எடுத்தா 45 மணி, அது முழுநேர வேலைக்கும் மேல. நிறைய பேர் "லீவுதானே, ரெண்டு எடுத்துடுவோம்"னு பதிஞ்சுட்டு ரெண்டாவது வாரமே திணறுறத நான் பாத்திருக்கேன்.

ஒண்ணு மட்டும் எடுங்க. அதோட பகுதிநேர வேலை ஏதாவது இருந்தா அதோட மணியையும் இதே தாள்ல எழுதிப் பாருங்க, மனசுக்குள்ள போடுற கணக்கு எப்பவுமே குறைச்சலாத்தான் வரும்.

நீலப்பேனா

நான் கோடைல மேக்ரோ, அதாவது நாட்டோட மொத்தப் பொருளாதாரம் பத்தின பேப்பர் எடுத்தேன், எனக்கு அது செமஸ்டர விட நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்வேன். காரணம் இருக்கு. மேக்ரோ ஒரு கதை மாதிரி போகும். 1936ல கெயின்ஸ்ங்கிற பொருளாதார நிபுணர் வேலையின்மை ஏன் வருதுன்னு எழுதினாரு, அடுத்த வருஷமே ஹிக்ஸ் அத வட்டியையும் வருமானத்தையும் சேர்த்துக் காட்டுற ஐஎஸ்-எல்எம் படமா மாத்தினாரு, 1958ல பிலிப்ஸ் பிரிட்டன்ல கிட்டத்தட்ட நூறு வருஷ கூலி உயர்வையும் வேலையின்மையையும் சேர்த்து வச்சு, வேலையின்மை குறைஞ்சா கூலி வேகமா ஏறும்னு ஒரு கோடு வரைஞ்சாரு, 1967 கடைசில ஃப்ரீட்மன் எழுந்து நின்னு இந்தக் கோடு நிரந்தரமா நிக்காது, ஜனங்க விலைவாசி ஏறும்னு எதிர்பார்க்க ஆரம்பிச்சுட்டா நகர்ந்துடும்னு சொன்னாரு, 70கள்ல விலைவாசியும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறுச்சு. செமஸ்டர்ல இது ரெண்டு மாசத்துல சிதறிக் கிடக்கும், நடுவுல வேற நாலு பேப்பர் வந்து எல்லாத்தையும் மறக்கடிச்சிடும். கோடைல ஒரே வாரத்துக்குள்ள கெயின்ஸ்ல ஆரம்பிச்சு ஃப்ரீட்மன் வரைக்கும் போனோம், திங்கக்கிழமை ஒருத்தர் சொன்னத வியாழக்கிழமை இன்னொருத்தர் மறுக்கிறாரு, முன்னாடி சொன்னது அப்படியே ஞாபகத்துல இருக்கு. அந்த வாரம்தான் எனக்கு இந்தப் படிப்பு மேலேயே ஆசை வந்துச்சு.

அதுல ஒரு வேலை கொடுத்தாங்க, ஃப்ரெட்னு அமெரிக்கப் பொருளாதாரப் புள்ளிவிவரம் கிடைக்கிற தளத்துல இருந்து வேலையின்மையையும் பணவீக்கத்தையும் இறக்கி 60கள் தனியா, 70கள் தனியா புள்ளி வச்சுப் பாருங்கன்னு. 60களோட புள்ளிகள் அழகா சரிஞ்சு இறங்குது. 70கள் வந்ததும் அந்தப் புள்ளிக சுத்திச் சுத்தி மேல ஏறுது. ராத்திரி அதப் பாத்துட்டு தூக்கமே வரல எனக்கு.

ஆனா மைக்ரோ பத்தி நான் இதே மாதிரி சொல்ல மாட்டேன். அது கை பழகணும்.

பாதிவழி

நான் அதே இன்டர்மீடியட் மைக்ரோவ போன கோடைல எடுத்து பாதில விட்டவ. சொல்லித்தான் ஆகணும்.

முதல் ரெண்டு வாரம் நல்லாத்தான் போச்சு. பட்ஜெட் கோடு (இருக்கிற பணத்துல என்னென்ன வாங்க முடியும்), சமநோக்கு வளைகோடு (ஒரே அளவு திருப்தி தர்ற கூடைகள்), ரெண்டும் தொட்டுக்கிற இடம், எல்லாம் புரிஞ்சது. மூணாவது வாரம் காய்ச்சல் வந்து 3 நாள் போகல. 30 நாள் கிளாஸ்ல 3 நாள்னா பத்துல ஒரு பங்கு, செமஸ்டர்ல ஒன்றரை வாரம் போன மாதிரி, அது அப்ப எனக்கு உறைக்கல. திரும்பி வந்தப்ப ஸ்லட்ஸ்கி முடிஞ்சு உற்பத்திக்குப் போயிட்டாங்க. நோட்ஸ் வாங்கிப் பாத்தேன், விலை ஏறினா வாங்குறது குறையுறத ரெண்டா பிரிக்கிறாங்கன்னு தெரிஞ்சது, ஏன் பிரிக்கணும்னு தெரியல. அது தெரியாததால அதுக்கு மேல வந்த எதுவும் ஒட்டல. விலகுறதுக்கான கடைசி நாள் எப்பன்னு பாத்தா, அது ரெண்டாவது வாரமே முடிஞ்சிருந்துச்சு. செமஸ்டர்ல மாதிரி பாதி டேர்ம் வரைக்கும் டைம் இருக்கும்னு நானா நினைச்சுக்கிட்டேன். அலுவலகத்துல கேட்டேன், ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. ஃபெயில்னு விழுந்துச்சு. வீட்ல சொல்றதுக்கு ஒரு மாசம் ஆச்சு எனக்கு.

எடுக்க வேணாம்னு சொல்ல வரல. பதியுறதுக்கு முன்னாடி விலகும் தேதிய காலண்டர்ல எழுதுங்க. அந்தத் தேதிக்கு முந்தின நாள் ஒரு பழைய கேள்வித்தாள எடுத்து நேரம் வச்சு எழுதிப் பாருங்க, அப்ப தெரிஞ்சிடும் நிக்கலாமா போலாமான்னு.

பழைய ட்யூட்டர்

பாதிவழி, எழுதினதுக்கு நன்றிம்மா. அந்தக் கடைசி பத்திய எல்லாரும் ரெண்டு தடவை படிங்க.

நான் நாலு கோடை இதே பேப்பருக்கு ட்யூட்டோரியல் எடுத்திருக்கேன். கோடைல தோத்துப் போறவங்க சோம்பேறிங்க இல்ல, அத முதல்ல சொல்லிடறேன். தினமும் வருவாங்க, முதல் வரிசைல உக்காருவாங்க, போர்டுல இருக்கிற ஒவ்வொரு வரியையும் எழுதுவாங்க. சாயங்காலம் அதே நோட்ட திரும்பப் படிப்பாங்க, படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும். அந்த "தெரிஞ்ச மாதிரி" தான் ஆள கவுக்கும். எபிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1885லயே தன்னையே வச்சு சோதனை பண்ணி, மனப்பாடம் பண்ணதுல பெரும்பகுதி முதல் நாள்லயே போயிடுதுன்னும், இடைவெளி விட்டு திரும்பத் தொட்டா நிக்குதுன்னும் எழுதிட்டாரு. 2006ல ரோடிகரும் கார்ப்பிக்கும் பண்ண சோதனைல, ஒரு பாடத்த திரும்பத் திரும்பப் படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல முந்தினாங்க, ஒரு வாரம் கழிச்சு வச்சப்ப, புத்தகத்த மூடிட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்தவங்கதான் முந்தினாங்க.

கோடை டேர்ம்ல அந்த இடைவெளி தானா கிடைக்காது. செமஸ்டர்ல செவ்வாய் கிளாஸுக்கும் வியாழன் கிளாஸுக்கும் நடுவுல ஒரு நாள் இருக்கும், அதுல குளிக்கும்போது பஸ்ல போகும்போது மனசு அதயே அசை போடும். கோடைல அந்த நாள் கிடையாது, நாமளா உண்டாக்கணும். நான் பசங்களுக்குச் சொன்னது இதுதான்: இன்னைக்கு நடந்த கணக்க இன்னைக்கு தொடாதீங்க. இன்னைக்கு சாயங்காலம் முந்தாநாள் கணக்க எடுங்க, வெள்ளைத் தாள், நோட்டு மூடி இருக்கணும், முதல் வரில இருந்து போடுங்க. முட்டிக்கிட்டு நின்னா 15 நிமிஷம் அப்படியே நில்லுங்க, அப்புறம் நோட்ட ஒரே ஒரு வரி மட்டும் திறந்து பாத்துட்டு மூடுங்க. கஷ்டமாத்தான் இருக்கும், மெதுவாப் போற மாதிரி இருக்கும். நாலாவது வாரம் மத்தவங்க எல்லாம் முதல் வார பாடத்த மறந்துட்டு நிக்கும்போது உங்களுக்கு அது கைல இருக்கும்.

இன்னொண்ணு, சின்ன விஷயம்தான் ஆனா கணக்குல இருந்து வர்றவங்கள ரொம்பக் குழப்புது. டிமாண்ட் படத்துல விலை ஏன் செங்குத்து அச்சுல இருக்கு, விலை மாறினாத்தானே அளவு மாறுது, அப்ப விலை கீழ இருக்கணும்லன்னு வருஷா வருஷம் ஒருத்தர் கேப்பாங்க. ரொம்ப சரியான கேள்வி. மார்ஷல் 1890ல, இவ்வளவு சரக்கு இருந்தா அதுக்கு என்ன விலை கொடுப்பாங்கன்னு யோசிச்சாரு, அவருக்கு அளவுதான் முதல்ல வருது, விலை அதுல இருந்து வருது. அவர் போட்ட படமே நின்னு போச்சு. இது தெரியாம ரெண்டு வாரம் உள்ளுக்குள்ள குழம்பிக்கிட்டே இருந்த பிள்ளைங்கள பாத்திருக்கேன். குழப்பம் வந்தா அன்னைக்கே கேட்டுடுங்க, கோடைல நாளைக்குன்னு வச்சா அது ரெண்டு பாடம் தள்ளிப் போயிடும்.

வெயில்மாணவன்

எல்லாருக்கும் நன்றி. பாதிவழி அக்கா, உங்க பதிவ பாத்துட்டு உடனே தேதி பாத்தேன், எங்களுக்கு எட்டாவது நாளே முடியுது. அரண்டுட்டேன்.

ட்யூட்டர் சார், ஒரு கேள்வி. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிக்கலாம்னு லக்ராஞ்சியன் வீடியோ ஒண்ணு பாத்தேன். கணக்கு போட வருது, வகையிட்டு பூஜ்யம் வச்சு தீர்த்துடறேன். ஆனா பட்ஜெட் நிபந்தனையோட பெருக்கிச் சேர்க்கிற அந்த லாம்டா எதுக்கு? கடைசில அத நீக்கிடறோமே, அப்புறம் ஏன் சேர்க்கணும்?

பழைய ட்யூட்டர்

நீக்காதீங்க, அதோட மதிப்ப கண்டுபிடிங்க. வாங்க ஒண்ணு போடுவோம்.

ரெண்டு பொருள், எக்ஸ், ஒய். யூட்டிலிட்டி, அதாவது கிடைக்கிற திருப்தி, ரெண்டோட அளவையும் பெருக்கினா வர்றது. எக்ஸோட விலை 2, ஒய்யோட விலை 3, கைல 120 இருக்கு. இந்த மாதிரி பெருக்கல் யூட்டிலிட்டில பாதிப் பணம் இதுக்கு பாதிப் பணம் அதுக்குன்னு போகும், நீங்களே தீர்த்துப் பாருங்க: எக்ஸ் 30, ஒய் 20. யூட்டிலிட்டி 600.

இப்ப லாம்டா. எக்ஸ் ஒண்ணு கூடினா யூட்டிலிட்டி ஒய் அளவு கூடும், அதனால எக்ஸ் பக்கமா ஒரு ரூபாய்க்கு எவ்வளவுன்னு பாத்தா ஒய்ய எக்ஸோட விலையால வகுக்கணும், 20ஐ 2ஆல வகுத்தா 10. ஒய் பக்கமா பாத்தா 30ஐ 3ஆல வகுத்தா அதுவும் 10. முதல் விஷயம் இங்கயே இருக்கு: கடைசியா செலவு பண்ண ஒரு ரூபாய எதுல போட்டாலும் அதே 10 தான் கிடைக்குது. ஒண்ணுல கூட கிடைச்சா பணத்த அங்க மாத்தியிருப்பீங்கல்ல.

இப்ப கைல 120க்குப் பதிலா 121 கொடுக்கறேன். எக்ஸ் 30.25, ஒய் 20.17 வரும், பெருக்கினா கிட்டத்தட்ட 610. ஒரே ஒரு ரூபா கூடினதுக்கு யூட்டிலிட்டி 600ல இருந்து 610 ஆச்சு. எவ்வளவு கூடுச்சு? 10. லாம்டா எவ்வளவு? 10. அதுதாங்க லாம்டா. பட்ஜெட் ஒரு சுண்டு தளர்ந்தா வாழ்க்கை எவ்வளவு நல்லா ஆகும்னு அது சொல்லுது. பிற்பாடு கம்பெனி கணக்குலயும் அரசாங்கக் கணக்குலயும் இதே லாம்டா வேற வேற பேர்ல வரும். இந்த ஒரு கணக்க விலைய மாத்தி பணத்த மாத்தி அஞ்சு தடவ போடுங்க.

வெயில்மாணவன்

விலை 4, 5, பணம் 200ன்னு வச்சுப் போட்டேன். எக்ஸ் 25, ஒய் 20, லாம்டா 5. 201 வச்சுப் போட்டா 505.01 வருது. சார் இது ரொம்ப நல்லா இருக்கு. ஒரு செமஸ்டர் கால்குலஸ் ரெண்டு தடவ எழுதினேன், இந்த மாதிரி ஒரு எண்ண கையில பிடிச்சுப் பாத்ததே இல்ல.

ரெசிடுவல்

எகனாமெட்ரிக்ஸ், அதாவது டேட்டா வச்சு பொருளாதாரத்த சோதிக்கிற பேப்பர், யாரும் சொல்லலையே. நான் அத கோடைல எடுத்தேன், என் அனுபவம் ரெண்டுங்கெட்டான். நிரூபணம் எல்லாம், காஸ்-மார்க்கோவ் தேற்றம் மாதிரி, 6 வாரத்துல இறங்காது, எனக்கு இறங்கல, அடுத்த செமஸ்டர்ல தனியா உக்காந்துதான் புரிஞ்சுக்கிட்டேன். ஆனா டேட்டாவோட உக்காருறதுக்கு கோடை மாதிரி நேரம் வராது. வேற பேப்பர் கிடையாது, காலைல ஆர்ங்கிற புள்ளியியல் மென்பொருள திறந்தா மத்தியானம் வரைக்கும் அதுலயே இருக்கலாம், எர்ரர் வந்தா வரட்டும்னு துருவிக்கிட்டே இருக்கலாம்.

எனக்கு எல்லாம் ஒண்ணு சேர்ந்த இடம் கார்டு, க்ரூகர்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 1994ல எழுதின கட்டுரை. நியூ ஜெர்சில 1992 ஏப்ரல்ல குறைந்தபட்சக் கூலிய மணிக்கு 4.25 டாலர்ல இருந்து 5.05 ஆக்கினாங்க, பக்கத்துல பென்சில்வேனியால ஏத்தல. ரெண்டு பக்கமும் ஃபாஸ்ட்ஃபுட் கடைகள முன்னாடி ஒரு தடவ பின்னாடி ஒரு தடவ கேட்டாங்க, மொத்தம் 410 கடை. நியூ ஜெர்சி கடைல (பகுதிநேர ஆள பாதியா எண்ணி) சராசரி ஆள் கணக்கு 20.44ல இருந்து 21.03 ஆச்சு, பென்சில்வேனியால 23.33ல இருந்து 21.17 ஆச்சு. பேப்பர எடுத்து கழிச்சேன். ஒரு பக்கம் 0.59 கூடியிருக்கு, இன்னொரு பக்கம் 2.16 குறைஞ்சிருக்கு, ரெண்டுக்கும் வித்தியாசம் சுமார் 2.75. கூலி ஏத்தினா ஆள் குறையும்னு முதல் வருஷப் படம் சொல்லுது, இங்க அப்படித் தெரியல. நாலு எண்ணு, மூணு கழித்தல். அதுக்கப்புறம் இது சரியா தப்பான்னு வருஷக்கணக்கா சண்டை போட்டாங்க, வேற டேட்டா வச்சு வேற முடிவு சொன்னவங்களும் இருக்காங்க. 2021ல கார்டுக்கு நோபல் கிடைச்சது. அந்தச் சண்டையையும் சேர்த்துப் படிச்சாத்தான் இந்தப் படிப்பு என்னன்னே விளங்கும்னு நான் நம்புறேன்.

தனிப்பாதை

எல்லாரும் எப்படி எடுக்கறதுன்னு பேசறீங்க, எடுக்கணுமான்னு யாரும் கேக்கல. நான் வேற கட்சி. எகனாமிக்ஸ்ல மேல படிக்கணும், பிஎச்டி வரைக்கும் போகணும்னு எண்ணம் இருக்கிறவங்க கோடைய கணக்குக்குக் கொடுங்க. லீனியர் ஆல்ஜீப்ரா, ரியல் அனலிசிஸ், ப்ராபபிலிட்டி. சேர்க்கைல இன்னொரு எகனாமிக்ஸ் பேப்பர விட அதுக்குத்தான் மதிப்பு, உள்ள போனப்புறம் முதல் வருஷம் முழுக்க அதுதான் ஓடும். நான் மூணு கோடையும் பேப்பர் எடுத்து சீக்கிரம் டிகிரி முடிச்சேன், முடிச்சுட்டு எம்ஏ போன முதல் மாசம் எப்சிலான் டெல்டா (ரியல் அனலிசிஸ்ல வர்ற நிரூபண முறை) தெரியாம நின்னேன். அந்த மூணு கோடைல ஒண்ண திருப்பிக் கொடுத்தா கணக்குக்குக் கொடுத்திருப்பேன்.

அப்புறம் வாய்ப்புச் செலவுன்னு முதல் கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தாங்கல்ல, அத நம்ம லீவுக்கும் போட்டுப் பாக்கணும். கட்டுற ஃபீஸ் மட்டும் செலவு இல்ல. அந்த 6 வாரத்துல சம்பாதிக்காம விட்டது, இன்டர்ன்ஷிப் போகாம விட்டது, சும்மா இருந்து மூச்சு வாங்காம விட்டது எல்லாமே செலவுதான்.

கணக்குப்பிள்ளை

தனிப்பாதை சொல்றதுல பாதி சரி. ஆனா தம்பிக்கு இது சீக்கிரம் முடிக்கிற ஆசை இல்ல, இந்த ஒரு பேப்பர் இல்லன்னா மூணாவது வருஷத்துல ரெண்டு மூணு கதவு மூடிக்கும். வாய்ப்புச் செலவ அந்தப் பக்கமும் போடணும்ல. கோடைல எடுக்கலன்னா ஒரு வருஷம் தள்ளும், அந்த வருஷத்தோட விலை என்ன?

தனிப்பாதை

அது சரி. முன்நிபந்தனைப் பேப்பர்னா நானும் எடுக்கத்தான் சொல்வேன். சும்மா எண்ணிக்கைக்காக எடுக்கறதத்தான் வேணாம்னேன்.

நீலப்பேனா

வேற யூனிவர்சிட்டில போய் கோடைல எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க டிபார்ட்மெண்ட் அந்தப் பேப்பர ஏத்துக்குமான்னு பணம் கட்டறதுக்கு முன்னாடி எழுத்துல வாங்குங்க. வாய் வார்த்தை போதாது. பாடத்திட்டத்தையும் சேர்த்து அனுப்புங்க. ஏன்னா "இன்டர்மீடியட்"னு பேர் ஒண்ணா இருந்தாலும் ஒரு இடத்துல கால்குலஸோட நடத்துவாங்க, இன்னொரு இடத்துல படத்தோட நிறுத்திடுவாங்க, படத்தோட நிறுத்தினத கால்குலஸ் கேக்கற இடம் ஏத்துக்காது. என் தோழி ஒருத்தி முழுசா முடிச்சு நல்ல மார்க் வாங்கிட்டு வந்து, இது இங்க செல்லாதுன்னு கேட்டு அழுதா. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் மாதிரி இடத்துல 3 வாரத்துலயே ஒரு கோர்ஸ் முடிச்சுடுவாங்க, அது அருமையான அனுபவம்தான், ஆனா கிரெடிட் கொடுக்கிறதா இல்லையாங்கிறது உங்க சொந்த டிபார்ட்மெண்ட் கைலதான் இருக்கு.

இரவுஷிஃப்ட்

வேலை பாத்துக்கிட்டே எடுத்தவன் நான். கிளாஸ் காலைல, வேலை சாயங்காலம் ஆறு மணில இருந்து. முடியும், ஆனா ட்யூட்டர் சார் சொன்ன முந்தாநாள் கணக்குக்கு ஒரு இடம் வேணும். எனக்கு அது மத்தியானம் கிளாஸ் முடிஞ்சு அதே ரூம்ல உக்காந்த ஒன்றரை மணி நேரம். வீட்டுக்குப் போய் செய்யலாம்னு எழுந்தா அன்னைக்குப் போச்சு. ஃபேன் ஓடும், எல்லாரும் போயிருப்பாங்க, போர்டுல பாதி அழிஞ்ச படம் இருக்கும், நான் மட்டும் உக்காந்து போட்டுக்கிட்டு இருப்பேன். ரெண்டாவது வாரத்துல இன்னொரு பொண்ணும் வந்து உக்காந்தா, நாலாவது வாரத்துல ஆறு பேர் ஆனோம். ஒருத்தர் போர்டுல போடணும் மத்தவங்க கேள்வி கேக்கணும்னு ஒரு பழக்கம் வந்துச்சு. அந்த ஆறு பேரும் பாஸ். அதுல நாலு பேரோட இன்னைக்கும் பேசிக்கிட்டு இருக்கேன்.

சனிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிடுங்க. ஏழு நாளும் ஓடினா மூணாவது வாரம் உடம்பு கேக்காது.

வெயில்மாணவன்

அப்டேட். பதிஞ்சுட்டேன், ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு மூணாவது வாரம் முடிஞ்சது. ஏழாவது நாள் பழைய கேள்வித்தாள் எழுதிப் பாத்தேன், பாதிக்கு மேல வந்துச்சு, நிக்கறதுன்னு முடிவு பண்ணேன். முந்தாநாள் கணக்கு தினமும் போடறேன். முதல் வாரம் ஒரு கணக்குக்கு ஒன்றரை மணி ஆச்சு, அழுகையா வந்துச்சு உண்மையிலேயே. இப்ப 40 நிமிஷம்.

பாதிவழி அக்கா, இது உங்களுக்காக எழுதறேன். ஸ்லட்ஸ்கி ஏன் பிரிக்கிறாங்கன்னு தெரியலன்னீங்கல்ல, எனக்கும் நேத்து வரைக்கும் தெரியல. சார் கொடுத்த அதே கணக்கயே எடுத்தேன். எக்ஸ் விலை 2, ஒய் விலை 3, பணம் 120, வாங்கறது 30ம் 20ம். இப்ப எக்ஸ் விலைய 3 ஆக்கினேன். எக்ஸ் 30ல இருந்து 20 ஆயிடுது. 10 குறைஞ்சது. இந்த 10 எதனால? ஒய்யோட ஒப்பிட்டா எக்ஸோட விலை ஏறிப் போனதாலயா, இல்ல நான் மொத்தத்துல ஏழையாப் போனதாலயா? ரெண்டும் கலந்திருக்கு. பிரிக்கணும்னா ஏழையானத முதல்ல சரி பண்ணணும். பழைய கூடைய, அதாவது 30ம் 20ம், புது விலைல வாங்கணும்னா எவ்வளவு வேணும்? 90ம் 60ம், 150. சரி, கைல 150 கொடுத்துடுவோம். இப்ப பழையபடி 30 வாங்குறேனா? இல்ல, 25 தான் வாங்குறேன்! பணத்துல எனக்கு நஷ்டமே இல்ல, ஆனாலும் 5 குறைச்சுட்டேன், அது முழுக்க விலை விகிதம் மாறினதால. கூடக் கொடுத்த அந்த 30 ரூபாய திருப்பி எடுத்துக்கிட்டா 25ல இருந்து 20 ஆகுது, அந்த 5 ஏழையானதால. விலை ஏறுனா உதவித்தொகை கொடுக்கறாங்கல்ல, கொடுத்தாலும் ஜனங்க ஏன் பழைய மாதிரியே வாங்குறதில்லன்னு கேட்டா பதில் இந்த 5 தான்.

அப்புறம் ஒண்ணு கவனிச்சேன். 150 கொடுத்தா 25ம் 25ம் வாங்குறேன், பெருக்கினா 625. முன்னாடி 600 தானே இருந்துச்சு. அப்ப 150 கொஞ்சம் அதிகமாக் கொடுத்துட்டோமோ? கிளாஸ்ல கேட்டேன். ஸ்லட்ஸ்கி 1915ல பழைய கூடைக்குப் பணம் கொடுத்தாரு, ஹிக்ஸ் 1934ல பழைய திருப்திக்கு மட்டும் பணம் கொடுத்தாருன்னு மேடம் சொன்னாங்க. ஹிக்ஸ் படி எவ்வளவுன்னு நீயே போடுன்னுட்டாங்க. போட்டுட்டேன், ஆனா இங்க சொல்ல மாட்டேன். அக்கா நீங்க போட்டுப் பாருங்க.

பழைய ட்யூட்டர்

தம்பி, 625ஐ கவனிச்சீங்க பாருங்க. நாலு வருஷத்துல மூணு பேர்தான் அத தானா கவனிச்சு என்கிட்ட வந்து கேட்டாங்க. மீதி மூணு வாரமும் இப்படியே போங்க.

இரவுஷிஃப்ட்

விளக்கம் அருமை. சேவ் பண்ணிக்கிட்டேன், எங்க ஜூனியருங்களுக்கு அனுப்பப் போறேன்.

பாதிவழி

ரெண்டு நாளா இந்த இழையத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு சாயங்காலம்தான் தாள எடுத்தேன். பெருக்கினா 600 வரணும், விலை ரெண்டும் 3, அப்ப ரெண்டும் சமமா வாங்கணும், அப்ப 600ஓட வர்க்கமூலம், 24.49. அதுக்கு வேண்டிய பணம் 146.97. 150ல இருந்து 3 கம்மி. சரியா?

வெயில்மாணவன்

சரி அக்கா!! எனக்கும் அதேதான்.

பாதிவழி

ரொம்ப நன்றிப்பா. ஒரு வருஷமா அந்த நோட்டயே தொடல நான். அடுத்த டேர்முக்கு அந்தப் பேப்பர திரும்பப் பதியலாம்னு இருக்கேன், விலகும் தேதி 12ஆவது நாள், எழுதி ஒட்டிட்டேன். உற்பத்தி பாடத்துல அதே லாம்டா வருதுன்னு சார் சொன்னாரே, அதுக்கு இதே மாதிரி சின்ன எண்ணு வச்ச கணக்கு ஒண்ணு யாராவது கொடுக்க முடியுமா?